ரைனோ மோத வரும்போது யார் தடுப்பது, எதைக் கழிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில், மழை விடுமுறையில் மூவர் உட்கார்ந்து ‘மார்வெல் சாம்பியன்ஸ்’ சீட்டாட்டம் ஆடுகிறார்கள்; ஆளுக்கொரு ஹீரோவாக ஒரே அணியில் நின்று வில்லனை எதிர்க்கும் ஆட்டம் அது. கேட்கும் தம்பியிடம் கேப்டன் மார்வெல், தங்கையிடம் பிளாக் பேந்தர், மாமாவிடம் ஸ்பைடர்மேன். எதிரே வில்லன் ரைனோ, அவனுடைய இரண்டாம் கட்டம். ‘சார்ஜ்’ என்ற சீட்டும் அவனோடு சேர்ந்திருக்கிறது. ரைனோ தங்கையைத் தாக்க, அவள் ஒரே ஓர் உயிர்ப்புள்ளி மிச்சமிருந்த தன் கூட்டாளி மாக்கிங்பேர்டை முன்னால் நிறுத்தினாள். வில்லனின் அடியைக் கூட்டும் பூஸ்ட் சீட்டைத் திருப்பினார்கள். அதில் ஒரு குறி. அத்தோடு ஆட்டம் நின்று வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அடி முழுவதும் மாக்கிங்பேர்டோடு முடிந்தது என்கிறார் தம்பி. பேந்தரின் பதிலடி ரைனோவுக்கு விழ வேண்டும் என்கிறாள் தங்கை. ‘பேக்ஃப்ளிப்’ என் கையில் இருக்கிறது, அதைப் போடுகிறேன், யாருக்கும் அடியில்லை என்கிறார் மாமா. பேந்தரிடம் அப்போது இருந்தது 6 உயிர்ப்புள்ளி. கூடவே இன்னும் நான்கைந்து சந்தேகங்களையும் தம்பி அடுக்கியிருக்கிறார்.

மூவர் சொல்வதும் தவறு. பேந்தர் வீழ்ந்துவிட்டார், தங்கை ஆட்டத்திலிருந்து வெளியே. ஏன் என்பதைச் சொல்ல, தாக்குதல் எந்த வரிசையில் நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புதுச்சேரியில் எங்கள் மேசையில் புதிதாக வந்து உட்காருபவர்களுக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இந்த வரிசையைத்தான். ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2019-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டதிலிருந்து எத்தனையோ ஹீரோக்களும் வில்லன்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இந்த வரிசை மட்டும் ஆடத் தெரிந்தவர்களையும் இன்னும் குழப்பிக்கொண்டிருக்கிறது.

வில்லன் ஒருவரைத் தாக்கத் தொடங்குகிறான். தொடங்கும் அந்தக் கணத்திலேயே வேலை செய்யும் திறன்கள் உண்டு. ஸ்பைடர்மேன் ஒரு சீட்டு எடுத்துக்கொள்வது அப்போதுதான். அடுத்து, வில்லனுக்கு ஒரு பூஸ்ட் சீட்டு கவிழ்த்து வைக்கப்படுகிறது. அதை யாரும் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகு, யார் தடுக்கிறார்கள் என்று அறிவிக்க வேண்டும்: தாக்கப்படும் ஹீரோவே தடுக்கலாம், வேறொருவரின் ஹீரோ வந்து தடுக்கலாம், யாருடைய கூட்டாளியாவது தடுக்கலாம், யாருமே தடுக்காமலும் விடலாம். ஒரு தாக்குதலுக்கு ஒருவர்தான். அறிவித்தபின் பூஸ்ட் சீட்டைத் திருப்பி, அதன் மூலையில் உள்ள குறிகளை வில்லனின் தாக்குதல் எண்ணோடு கூட்டுகிறோம். நட்சத்திரம் இருந்தால் அதற்குரிய வாசகத்தையும் நிறைவேற்றுகிறோம். கடைசியாக அடி விழுகிறது.

பூஸ்ட் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தடுப்பவரை முடிவுசெய்வதற்கு இடமே இல்லை. ரம்மி ஆடிப் பழகிய பெரியவர்களுக்கு இது பிடிக்காது; கையில் என்ன வந்தது என்று தெரியாமல் எப்படி இறங்குவது என்பார்கள். அந்தத் தெரியாமைதான் இங்கே ஆட்டம். ரைனோவின் 3 கடைசியில் 3 ஆகவே நிற்கலாம், 5 ஆகவும் ஏறலாம். எங்கள் மேசையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: பூஸ்ட் சீட்டின்மேல் ஒருவர் விரலை வைத்துக்கொள்வார், தடுப்பவர் யார் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விரலை எடுப்பார். பாதி சண்டை இதிலேயே ஒழிந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் ‘தடுப்பது’ என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது இரண்டு தனித்தனிச் செய்திகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ஒன்று, இந்தத் தாக்குதலை எதிர்கொள்பவர் யார் என்பது. மற்றது, அடியிலிருந்து எவ்வளவு கழிக்கலாம் என்பது. ஹீரோ சீட்டைப் படுக்க வைத்து, அதாவது பயன்படுத்தியாயிற்று என்று காட்டப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, தடுத்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன: அந்த ஹீரோ தடுப்பவர் ஆகிறார், அவருடைய தற்காப்பு எண்ணும் அடியிலிருந்து கழிகிறது. ஆனால் ‘டிஃபென்ஸ்’ என்று குறியிட்ட ஈவென்ட் சீட்டைப் போட்டால் முதலாவது மட்டும்தான் நடக்கிறது. ஹீரோ தடுப்பவராகக் கருதப்படுவார்; படுக்க வேண்டியதில்லை; ஆகவே தற்காப்பு எண்ணைக் கழிக்கவும் கூடாது. அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் பலன் எதுவோ அது மட்டும் உண்டு.

ஸ்பைடர்மேனின் பேக்ஃப்ளிப் இதற்கு நல்ல உதாரணம். ஒரு தாக்குதலால் உங்களுக்கு அடி விழ இருக்கும்போது அதைப் போட்டால், அந்த அடி முழுவதும் தடுக்கப்படும். ஸ்பைடர்மேன் நிமிர்ந்தே இருக்கிறார், ஆனால் தடுத்தவர் ஆகிறார். தடுத்தவர் ஆனதால், ‘உங்கள் ஹீரோ ஒரு தாக்குதலைத் தடுத்த பிறகு’ என்று தொடங்கும் சீட்டுகள் அவருக்குத் திறந்துவிடுகின்றன. புரொடெக்‌ஷன் வகையில் உள்ள ‘கவுன்டர் பன்ச்’ அப்படிப்பட்டதுதான்: தடுத்த பிறகு, தாக்கிய எதிரிக்கு உங்கள் தாக்குதல் எண் அளவுக்கு அடி. பேக்ஃப்ளிப், உடனே கவுன்டர் பன்ச், ரைனோவுக்கு 2 அடி, ஸ்பைடர்மேன் அசையாமல் நின்றபடி. உங்கள் மாமா இந்த ஜோடியைப் போட்டபோது, படுக்காமல் எப்படித் தடுத்ததாகும் என்று நீங்கள் தகராறு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விஷயத்தில் மாமா பக்கம்தான் நியாயம்; அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் தங்கைக்காக அவர் பேக்ஃப்ளிப் போட முடியாது. அந்தச் சீட்டு பேசுவது ‘உங்களுக்கு’ விழ இருக்கும் அடியைப் பற்றி. பேந்தருக்கோ மாக்கிங்பேர்டுக்கோ விழும் அடி ஸ்பைடர்மேனுக்கு விழும் அடி ஆகாது. அவர் உதவ நினைத்திருந்தால், பூஸ்ட் சீட்டைத் திருப்பும் முன்பே ஸ்பைடர்மேனைப் படுக்க வைத்து, ‘நான் தடுக்கிறேன்’ என்று குறுக்கே போயிருக்க வேண்டும். அப்போது அந்தத் தாக்குதலின் இலக்கு அவராகிவிடுவார். பேக்ஃப்ளிப்புக்கும் வழி பிறந்திருக்கும். இப்படி இன்னொருவருக்காகக் குறுக்கே போகும்போது, தொடக்கத்தில் ஒரு சீட்டு எடுக்கும் ஸ்பைடர்மேனின் திறன் வேலை செய்யாது. வில்லன் தாக்குதலைத் தொடங்கியது உங்கள்மீது இருந்தால்தான் அது உண்டு. வில்லன் என்றால் வில்லன் மட்டும். அடியாட்கள் தாக்கினாலும் அந்தச் சீட்டு கிடையாது.

சரி, நின்றுபோன அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம். இரண்டாம் கட்ட ரைனோவின் தாக்குதல் எண் 3. சார்ஜ் அதோடு 3-ஐக் கூட்டுகிறது. ‘ஓவர்கில்’ என்ற தன்மையையும் தருகிறது. பூஸ்ட் குறி 1. மொத்தம் 7. மாக்கிங்பேர்டைப் போன்ற கூட்டாளிகளுக்குத் தற்காப்பு எண் கிடையாது, வந்த அடி அப்படியே விழும். அவளிடம் இருந்த ஓர் உயிர்ப்புள்ளி போக மிச்சம் 6. சாதாரணத் தாக்குதலாக இருந்தால் அந்த 6 காற்றில் போயிருக்கும், தம்பி சொன்னது சரியாகியிருக்கும். ஓவர்கில் இருப்பதால், கூட்டாளி வீழ்ந்தபின் எஞ்சிய அடி அவளுக்குரிய ஹீரோவின்மேல் வழிகிறது. பேந்தரிடம் இருந்தது 6. முடிந்தது கதை.

பதிலடி ஏன் இல்லை? பேந்தரின் பதிலடி, அவர் தாக்கப்பட்ட பிறகு தாக்கியவனுக்கு 1 அடி கொடுப்பது. மாக்கிங்பேர்ட் தடுத்தவுடன் தாக்கப்பட்டவள் அவள்தான். பேந்தர்மேல் விழுந்தது வழிந்து வந்த அடி. அதே பேந்தர், தம்பிக்காகவோ மாமாவுக்காகவோ குறுக்கே போய்த் தடுத்திருந்தால், தாக்கப்பட்டவர் அவராகவே இருந்திருப்பார், பதிலடியும் விழுந்திருக்கும். பேந்தரை வைத்திருப்பவர் கூட்டாளிகளின் பின்னால் ஒளிந்துகொண்டே இருந்தால் அந்த 1 அடிகளையெல்லாம் இழக்கிறார் என்பதை உங்கள் தங்கை கவனிக்க வேண்டும். அந்தச் சுற்றிலேயே அவள் பேந்தரைப் படுக்க வைத்துத் தடுத்திருந்தால், 7-இல் தற்காப்பு 2 கழிந்து 5 அடி. ஓர் உயிர்ப்புள்ளியோடு நின்றிருப்பார், ரைனோவுக்கும் ஒன்று விழுந்திருக்கும். மாமா குறுக்கே போயிருந்தாலோ 7-இல் 3 கழிந்து 4, அந்த நான்கையும் பேக்ஃப்ளிப் விழுங்கியிருக்கும். சார்ஜ் சீட்டு ஒரு தாக்குதலோடு போய்விடக்கூடியது. அது ரைனோவோடு இருக்கும்போது உயிர் குறைந்த கூட்டாளியை முன்னிறுத்துவதைப் போல வீணான வேலை வேறில்லை.

இதிலிருந்து ‘கூட்டாளியால் தடுக்காதே’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற எல்லா நேரமும் நேர் எதிரான அறிவுரையைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் சுற்றின் அமைப்பு. பெட்டியைத் திறந்து முதல் வாரத்தில் ஆடுபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடமும் அதுதான். எல்லோரும் தங்கள் முறையை ஆடி முடித்ததும், வீரர்களின் பாகம் முடிகிறது. கையில் சீட்டு நிரப்பிக்கொள்கிறோம், படுத்த சீட்டுகளையெல்லாம் நிமிர்த்துகிறோம். அதற்குப் பிறகுதான் வில்லனின் பாகம். ஆகவே வில்லன் தாக்க வரும்போது எல்லோரும் நிமிர்ந்தே இருக்கிறார்கள். அப்போது ஹீரோவைப் படுக்க வைத்துத் தடுத்தால், அவர் அடுத்த வீரர் பாகம் முழுவதும் படுத்தே கிடப்பார். தாக்க முடியாது, வில்லனின் திட்டம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காட்டும் அச்சுறுத்தலைக் குறைக்கவும் முடியாது. கையிலுள்ள சீட்டுகளை மட்டும் ஆடலாம். தடுப்பின் விலை அந்த ஒரு செயல். 2 அடியைத் தவிர்க்க 2 அடி கொடுக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டும். என் கருத்து, புதியவர்கள் தேவைக்கு அதிகமாகத் தடுக்கிறார்கள். கேப்டன் மார்வெலுக்குத் தொடக்கத்தில் 12 உயிர்ப்புள்ளி, தற்காப்பு எண் வெறும் 1. அந்த ஒன்றைக் கழிப்பதற்காக அவரைப் படுக்க வைக்கும் தம்பியைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கூட்டாளிக்கு இந்த விலை இல்லை. உங்கள் முறையில் அவர் தாக்கலாம் அல்லது அச்சுறுத்தலைக் குறைக்கலாம், அதற்காகத் தன்னுடைய உயிர்ப்புள்ளியில் கொஞ்சம் இழக்கலாம். பாகம் முடியும்போது நிமிர்ந்துவிடுவார். கடைசி உயிர்ப்புள்ளியோடு வில்லனின் அடியை முழுசாக வாங்கிக்கொண்டு போய்விடலாம். நிக் ஃப்யூரி என்ற கூட்டாளியை இதற்காகவே செய்தார்கள் என்று தோன்றும். சுற்றின் முடிவில் அவர் எப்படியும் போகப் போகிறவர். சுற்று முடிவது வில்லனின் பாகத்துக்குப் பிறகு. எனவே அவரைத் தடுப்புக்குப் பயன்படுத்தாமல் அனுப்புவது வீண். உங்கள் வீட்டில் அவரை வீரர் பாகம் முடிந்தவுடனேயே எடுத்து வைத்துவிடுகிறீர்கள் என்று எழுதியதைப் படித்தேன், இனி வேண்டாம்.

நிமிர்ந்திருத்தலின் அருமை இன்னோர் இடத்திலும் தெரியும். மூவர் ஆடினால் ரைனோ மூன்று முறை செயல்படுவான், ஒவ்வொருவரிடமும் ஒரு முறை; ஒவ்வொரு தாக்குதலுக்கும் புதிய பூஸ்ட் சீட்டு. ஒருவரிடம் அவன் செயல்பட்டு முடிந்ததும் அவரோடு மோதிக்கொண்டிருக்கும் அடியாட்கள் தாக்குவார்கள். அவர்களுக்குச் சாதாரணமாக பூஸ்ட் சீட்டு கிடையாது, ஆனால் ஒவ்வொன்றும் தனித் தாக்குதல், தனித் தடுப்பு. இத்தனைக்கும் பிறகு ஆளுக்கொரு சீட்டு வில்லன் கட்டிலிருந்து வருகிறது. அது ‘அசால்ட்’ ஆக இருந்தால் வில்லன் மறுபடியும் தாக்குவான், பூஸ்ட் சீட்டோடு. ‘கேங் அப்’ ஆக இருந்தால் வில்லனும் உங்களோடு இருக்கும் அடியாட்களும் சேர்ந்து வருவார்கள். முதல் தாக்குதலுக்கே ஹீரோ படுத்துவிட்டால் இந்த இரண்டாவது அலையை வெறும் உடம்பால் வாங்க வேண்டியதுதான். மாமாவின் பேக்ஃப்ளிப் உண்மையில் விலை மதிப்புள்ளது இங்கேதான்: படுத்திருக்கும் ஸ்பைடர்மேனும் அதைப் போடலாம். தடுத்த பிறகு ஹீரோவை நிமிர்த்தும் ‘இன்டாமிட்டபிள்’ என்ற சீட்டையும் இதற்காகக் காத்துவைப்பது நல்லது. ஒரு முறைதான் உதவும், அப்புறம் கழிவுக்குப் போய்விடும்.

ஒரு நுணுக்கம். சில பூஸ்ட் சீட்டுகளில் ‘இந்தத் தாக்குதல் தடுக்கப்படாமலிருந்தால்’ என்று ஒரு தண்டனை எழுதியிருக்கும். பேக்ஃப்ளிப் வருவது அடி விழும் நேரத்தில். பூஸ்ட் சீட்டு திரும்புவது அதற்கு முன். அந்த வாசகத்தைப் படிக்கும்போது தடுப்பவர் யாரும் இல்லை. ஆகவே தண்டனை உண்டு, பிறகு பேக்ஃப்ளிப் போட்டாலும் அது அழியாது. வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போனால் இதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

‘டஃப்’ சீட்டு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அடி விழ இருந்தால் அந்த அடி முழுவதையும் தடுத்துவிட்டுத் தானும் போய்விடும் சீட்டு அது. முதலில் தற்காப்பு எண்ணைக் கழியுங்கள். கழித்தபின் பூஜ்யம் என்றால் விழ இருக்கும் அடியே இல்லை. டஃப் அப்படியே இருக்கும். ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் டஃப் போகும். இதனால், டஃப் வைத்திருக்கும் ஹீரோவைப் பெரிய அடிக்கு முன்னால் படுக்க வைப்பது அர்த்தமற்றது: அடி 9 ஆனாலும் 1 ஆனாலும் டஃப் ஒரே விலையில் வாங்கிக்கொள்ளும். சின்ன அடி, பூஜ்யமாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை, டஃப்பைக் காப்பாற்றும் எண்ணம், இவை சேர்ந்தால் மட்டும் படுக்கலாம். டஃப்போடு வரும் லூக் கேஜ் மாதிரியான கூட்டாளியால் தடுத்தால் முதல் அடி அவருக்கு உறைக்கவே உறைக்காது. பிற்பாடு வந்த பெட்டிகளில் ‘பியர்சிங்’ என்ற தன்மையுள்ள தாக்குதல்கள் உண்டு. அவை அடி விழும் முன்பே டஃப்பைக் கழற்றிவிடும், எச்சரிக்கை.

ஸ்டன் வாங்கிய ஹீரோ தடுக்கலாமா? தாராளமாக. ஸ்டன் கெடுப்பது அடுத்த தாக்குதலைத்தான், தடுப்பை அது தொடாது. ஆனால் கவுன்டர் பன்ச் தாக்குதல் வகைச் சீட்டு. ஸ்டன்னோடு அதைப் போட்டால் ஸ்டன் மட்டும் கழியும், ரைனோவுக்கு ஒன்றும் ஆகாது. ரைனோவைத் தாக்க வைக்கும் ‘ஸ்டாம்பீட்’ சீட்டு யாருக்கு ஸ்டன் தரும் என்று நீங்கள் கேட்டதற்குப் பதில்: அந்தத் தாக்குதலில் அடி வாங்கியவருக்கு. கூட்டாளி வாங்கினால் கூட்டாளிக்கு. தற்காப்பு எண்ணாலோ டஃப்பாலோ அடி பூஜ்யமானால் யாருக்கும் இல்லை.

ஸ்பைடர்மேன் சீட்டின் மறுபக்கமான பீட்டர் பார்க்கருக்குத் திரும்பி ஓய்வெடுக்கும் மாமா, தங்கைக்காக எழுந்து வந்து தடுக்க முடியாது. அந்தப் பக்கத்தில் தற்காப்பு எண்ணே அச்சிடப்படவில்லை. அவருடைய கூட்டாளிகள் வரலாம்.

கடைசியாக, ஹைட்ரா பாம்பர் என்ற அடியாள். அது வரும்போது 2 அடி வாங்குவதா, முக்கியத் திட்டத்தில் 1 அச்சுறுத்தல் வைப்பதா என்று கேட்கும். அந்த 2 அடியை நிக் ஃப்யூரியை நிறுத்தித் தடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது தாக்குதலே இல்லை. பூஸ்ட் சீட்டு இல்லை, தடுப்பவர் இல்லை, தற்காப்பு எண் இல்லை, பேக்ஃப்ளிப்பும் இல்லை, ஏனென்றால் அதில் ‘தாக்குதலால்’ என்று இருக்கிறது. டஃப் மட்டும் செல்லும், அது எங்கிருந்து வரும் அடி என்று பார்ப்பதில்லை. டஃப் இல்லையென்றால் 2 அடியை வாங்குங்கள், அல்லது அச்சுறுத்தலை ஏற்றுக்கொண்டு அடுத்த முறையில் குறைத்துக்கொள்ளுங்கள்.